சமையல் மேடை மூலையில் இரண்டு கிரானைட் கற்களை நாமே இணைக்கலாமா?

கேள்வி (புதுவீட்டுக்காரர்):
எங்கள் சமையலறையில் எல் வடிவக் கான்கிரீட் மேடை தயாராக உள்ளது. அதன் மேல் 20 மி.மீ. கனமுள்ள கறுப்பு கிரானைட் பதிக்கவிருக்கிறோம். நீண்ட சுவர்ப் பக்கம் 9 அடி, அடுத்த சுவர்ப் பக்கம் 6 அடி, அகலம் 2 அடி. கடையிலேயே அளவுக்கு அறுத்து, முன்விளிம்பை உருட்டிக் கொடுத்துவிடுவார்கள். பதிப்பதையும் மூலை ஜாயிண்ட்டையும் நானும் தம்பியும் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறோம். மூலையில் 45 பாகையில் குறுக்காக அறுத்துச் சேர்ப்பதா, ஒன்றோடு மற்றொன்றை நேராக முட்டவைப்பதா? இடைவெளியை வெள்ளை சிமெண்ட்டால் அடைத்தால் போதுமா?

பதில் (கல்பட்டறை):
நேராக முட்டவைப்பதே உங்களுக்கு ஏற்றது. குறுக்காக அறுத்தால் ஜாயிண்ட் 24 அங்குலத்திலிருந்து 34 அங்குலமாக நீளும். கல்லின் கூர்முனை தூக்கி வைக்கும்போதே உடையக்கூடும். சுவர் மூலை 90 பாகையாக இல்லாவிட்டால் இரண்டு கற்களையும் அந்தக் கோணத்தின் சரிபாதிக்கு அறுத்தாக வேண்டும். ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே டேப் பிடித்துப் பாருங்கள். 5 அடி வராவிட்டால், வெறும் அளவை மட்டும் சொல்லாமல், மூலையின் வடிவத்தை அட்டையில் வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். 9 அடிக் கல் மூலை வரை போவதால், மற்றது 4 அடி இருந்தால் போதும்.

பலரும் கோட்டைவிடுவது விளிம்பு உருட்டலில்தான். நீண்ட கல்லின் முன்விளிம்பு முழுவதையும் உருட்டிவிட்டால், சிறிய கல் வந்து முட்டும் 2 அடியிலும், வளைந்து இறங்கும் விளிம்புக்கும் நேர்வெட்டுக்கும் இடையே ஒரு வாய்க்கால் விழும். அதை எதைக் கொண்டு நிரப்பினாலும் பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும். எனவே அந்த 2 அடியைச் சாக்பீஸால் குறித்துக் காட்டி, நேர்வெட்டாகவே விடச் சொல்லுங்கள். உருட்டல் உள்மூலைக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிடட்டும். மிச்சத்தைக் கல் பதித்த பிறகு கை மெஷினில் இழைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் (மாடிவீடு):
வெள்ளை சிமெண்ட் வேண்டவே வேண்டாம். அது காய்ந்து சுருங்கி மயிரிழையாக விரிசல் விடும். பிறகு கழுவும் நீரெல்லாம் அதன் வழியாகக் கீழே இறங்கும். கறுப்பு நிறம் கலந்த எபாக்சியே (பிசினும், அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்து போடும் பசை) சரி.

முதலில் சிமெண்ட் கலவை இல்லாமல் இரண்டு கற்களையும் வைத்துப் பார்த்து, ஜாயிண்ட்டின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஒரு கல் கனம் குறைந்தது என்று பொருள். அதைக் கீழே கலவை கூட்டி உயர்த்த வேண்டுமே தவிர, உயர்ந்த கல்லை மேலே தேய்க்கக் கூடாது, ஏனெனில் போன பளபளப்பை வீட்டில் திரும்பக் கொண்டுவருவது கடினம். இரண்டுக்கும் நடுவே ஒரு மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டுப் பதித்து, கலவை இறுகிய பின் வெட்டுமுகங்களைத் தின்னரால் துடைத்துக் காயவிடுங்கள். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எபாக்சியைச் சற்று மேடாகவே நிரப்பி, அது கல்லாக இறுகுவதற்கு முன், ரப்பர் பதத்தில் இருக்கும்போது, பிளேடைப் படுக்கவைத்துச் சீவி எடுத்துவிடுங்கள். ஹார்டனரைப் பொதியில் சொன்ன அளவுக்குமேல் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்பது தவறான நம்பிக்கை. எபாக்சி சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சிங்க்கை மூலைக்கு அருகில் வைக்க வீட்டில் விரும்புகிறார்கள். தடையுண்டா?

பதில் (கல்பட்டறை):
மூலையை விட்டுத் தள்ளி வையுங்கள். சிங்க்குக்காக வெட்டிய துளைக்கும் ஜாயிண்ட்டுக்கும் இடையே ஒடுங்கிய துண்டாகக் கல் நின்றால், அது தூக்கும்போதே முறிந்துவிடக்கூடும்; தப்பினாலும் ஜாயிண்ட் எப்போதும் ஈரத்திலேயே இருக்கும். இன்னொன்று, இந்தக் கனத்தில் கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை என்பதால் உங்கள் நீண்ட கல் 90 கிலோவை எட்டும். இருவர் போதாது, நால்வராக, கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்துத் தூக்குங்கள். மெஷின் ஓட்டும்போது கல்லில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், முகக்கவசமும் அணிய வேண்டும். கிரானைட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். சுவரை ஒட்டிய இடைவெளிக்கு எபாக்சி வேண்டாம், சிலிக்கான் பசை போடுங்கள்.