நைட்ரஜன் ‘இம்மொபிலைசேஷன்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். பழச்சாறு ஆலைக் கழுவுநீரை உரமாக்கும் செய்முறைப் பாடம் ஒன்றுக்குச் சொல் தேவை. சர்க்கரை மிகுந்த அந்நீரைப் பக்குவப்படுத்தாமல் தொட்டியில் ஊற்றினால் அடியிலைகள் வெளுக்கும். பெருகும் நுண்ணுயிரிகள் மண்ணின் நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் தம் உடலுக்குள் இழுத்துக்கொள்வதுதான் காரணம். இந்த இம்மொபிலைசேஷனை ‘நைட்ரஜன் நிலைநிறுத்தம்’ எனலாமா?

----

> ‘நைட்ரஜன் நிலைநிறுத்தம்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியா காற்று நைட்ரஜனைப் பிடிப்பதற்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. அது மண்ணுக்கு வரவு. இரண்டையும் ஒன்றாகப் படிக்கும் மாணவர், சர்க்கரை நீர் மண்ணை வளப்படுத்தும் என்றே தேர்வில் எழுதுவார். ‘நைட்ரஜன் இழப்பு’ம் சரியில்லை, நைட்ரஜன் மண்ணை விட்டுப் போகவில்லை, நுண்ணுயிரிகள் மடிந்து சிதையும்போது அம்மோனியமாகத் திரும்பும்.

‘நைட்ரஜன் முடக்கம்’ என்பது என் பரிந்துரை. பணம் சரக்கில் முடங்கிக் கிடக்கிறது என்கிறோமே, அதே பொருள்: இருக்கிறது, இப்போதைக்குக் கைக்கு எட்டாது. முடங்கிய நைட்ரஜன், முடக்கும் அளவு என்று வினையாகவும் வளையும்.

அளவையும் பாடத்தில் சேருங்கள். லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்றால் கார்பன் 4.2 கிராம். அதில் மூன்றிலொரு பங்கு, அதாவது 1.4 கிராம், நுண்ணுயிர் உடலாகிறது, மீதி கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது என்று கொள்வோம். அவ்வுடலின் கார்பன்–நைட்ரஜன் விகிதம் ஏறத்தாழ 8:1. ஆக, முடங்குவது சுமார் 175 மில்லிகிராம் நைட்ரஜன், ஈடுகட்ட 0.38 கிராம் யூரியா. இதே கணக்கில், தன் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 24:1-ஐத் தாண்டும் கழிவுநீர் முடக்கும், அதற்குக் கீழே கனிமமாக்கம், அதாவது சிதையும் பொருளிலிருந்து நைட்ரஜன் அம்மோனியமாக வெளிவருவது, மேலோங்கும்.

----

‘கனிமமாக்கம்’ இருப்பதால் எதிர்ச்சொல்லாகக் ‘கரிமமாக்கம்’ வைத்தால் என்ன? ஓசை பொருந்துகிறது. அல்லது ‘நுண்ணுயிர் முடக்கம்’?

----

ஓசை பொருந்துவதுதான் அம்மா சிக்கலே. ஓரெழுத்து மாறினால் பொருள் தலைகீழ். கரிமம் என்றால் கார்பன் என்றும் பலர் எழுதுகிறார்கள். ‘நுண்ணுயிர் முடக்கம்’ என்றாலோ நுண்ணுயிரியே முடங்கிப்போனதாகப் படும், நடப்பது நேர்மாறு.

செய்முறைக்கு ஒரு எச்சரிக்கை. செடி இருந்தால் அதுவும் நைட்ரேட்டை உறிஞ்சும். எனவே செடியில்லாத மண்ணை இரண்டு புட்டிகளில் எடுத்து, ஒன்றில் வெறும் நீர், மற்றதில் சர்க்கரை நீர் விடுங்கள். 20 கிராம் மண்ணை 100 மி.லி. வாலைவடிநீரில் குலுக்கி வடிகட்டி, நைட்ரேட் சோதனைத் தாளால் பாருங்கள். அம்மோனியம் மண் துகளில் ஒட்டியிருப்பதால் இம்முறையில் சரியாக வராது. மண் சொதசொதப்பாக இருக்கவே கூடாது. மண் தாங்கும் நீரில் பாதியளவு ஈரம் போதும். காற்றில்லாவிட்டால் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றிவிடும். தாளில் அதுவும் முடக்கம் போலவே தெரியும். சில வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். முடங்கியது மீளும், வாயுவானது மீளாது.

----

சரி. பதிவு: நைட்ரஜன் முடக்கம் – மண்ணின் கனிம நைட்ரஜன் நுண்ணுயிர் உடலில் சேர்ந்து, செடிக்குத் தற்காலிகமாக எட்டாமற்போதல். எதிர்: கனிமமாக்கம். நொதியை ஒரு தாங்குபொருளில் பிணைத்து நிறுத்தும் ‘நொதி முடக்கம்’ (அதுவும் ஆங்கிலத்தில் இம்மொபிலைசேஷன்தான்) வேறு துறை. அதைத் தனிப் பதிவாக வைக்கிறேன்.