பொயின்ட் பை: "வழிவிடல்" வேண்டாம், "வழிக்கை" எப்படி?

அன்பின் நண்பர்களே,

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகும் நாட்களுக்கான நம் சொற்பட்டியலில் "பொயின்ட் பை" (point-by) என்பதற்கு நேரான தமிழ்ச் சொல்லின் இடம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. முன்னால் போகிறவர், பின்னால் வரும் வேகமான காருக்கு "இந்தப் பக்கத்தால் முந்து" என்று கையால் காட்டுவதுதான் அது. புதியவர்களின் குழுவில் பொதுவாக இந்தக் கை கிடைக்காமல் முந்தக் கூடாது.

இதற்கு "வழிவிடல்" என்ற சொல்லே போதும் என்ற அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லை. ஹட்டன் - நுவரெலியா வீதியில் கொழுந்து லொறி வழிவிடுகிறது என்றால், கானோரமாக ஒதுங்குகிறது என்று அர்த்தம். தடத்தில் ஒதுங்குவதுதான் ஆபத்து. மெதுவாகப் போகிறவர் தன் கோட்டிலேயே, அதாவது தடத்தில் தான் வழமையாக ஓட்டிவரும் பாதையிலேயே, இருக்க வேண்டும். கோட்டை விட்டு வெளியே வருவது முந்துகிறவரின் வேலை. முன்னவர் எந்தப் பக்கம் போவாரோ என்று பின்னவர் ஊகிக்க வேண்டி வரக் கூடாது. ஒதுங்கச் சொல்லும் சொல்லைப் புதியவர் கையில் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

"முந்தல் அனுமதி" என்றால் அதை அதிகாரியும் தரலாமே? பின்னால் வேகமான கார் வருகிறது என்று சொல்லும் நீலக்கொடி, தட அலுவலர் காட்டுவது. இது ஓட்டுநர் ஓட்டுநருக்குத் தருவது.

ஆகவே "வழிக்கை". நமது கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். வலக்கையை ஜன்னலுக்கு வெளியே வலப்புறம் நீட்டினால் வலவழிக்கை, கூரைக்கு மேலாக இடப்புறம் காட்டினால் இடவழிக்கை. மூன்று வண்டிகள் வரிசையாக வந்தால் மூன்று வழிக்கை.

கை காட்டினால் மட்டும் போதாது, எக்ஸிலேட்டரில் காலையும் தளர்த்த வேண்டும். மியாட்டா என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, பெரிய எஞ்சின் காரை ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பிடிக்கும். நேர்ப்பாதை வந்ததும் பெரிய கார் பறந்துவிடும். வழிக்கை கிடைக்காவிட்டால் அந்த மியாட்டாக்காரருக்கு அன்றைய நாளே வீண். நேரத்தோடு வழிக்கை தந்தவருக்கும் நிம்மதிதான்: கண் பின்பார்வைக் கண்ணாடியை விட்டுப் பாதைக்குத் திரும்புகிறது.

கண்டியிலிருந்து மறுமொழி:

தம்பி, நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஆனால் அங்கே காரை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பார்கள், முந்தலே இல்லை. அதனால் நம் பந்தயக்காரர்களிடம் இதற்குச் சொல் கிடைக்காது. லொறிக்காரர்கள் "சைட் குடுக்கிறது" என்கிறார்களே, அதைத் தமிழாக்கிப் "பக்கம் தருதல்" என்று வைத்தால் என்ன?

என் பதில்:

நல்ல சொல்தான் அண்ணா, ஆனால் சைட் குடுக்கிறவரும் ஓரம் கட்டத்தானே செய்கிறார்? விளக்கத்தில் அதைச் சேர்ப்போம். பதிவு இப்படி இருக்கட்டும்:

வழிக்கை: தடத்தில் முன்செல்லும் ஓட்டுநர், தன் கோட்டை விட்டு விலகாமல், முந்த வேண்டிய பக்கத்தைப் பின்வருபவருக்குக் கையால் காட்டுதல். வீதி வழக்கில் சைட் கொடுத்தலுக்கு நெருக்கமானது. ஆனால் ஒதுங்குதல் இதில் இல்லை. கிடைத்தாலும் முந்துவதா இல்லையா என்பது பின்வருபவரின் முடிவு.