ஃபைல் பெயரை மாற்றினேன், டைம்லைன் முழுக்கச் சிவப்பு. தாலி கட்டும் இடத்தில் பந்தி ஓடுகிறது!

புதுக்கேமரா எழுதியது:

வணக்கம். கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். இரண்டு சோனி கேமரா. இரவே கார்டுகளை லேப்டாப்பில் காப்பி செய்து, ஃபார்மட் போட்டு, காலையில் அதே கார்டுகளில் எடுத்தோம். கேமரா மறுபடி சி0001 என்றே எண்ண ஆரம்பித்திருக்கிறது. ஆக, சி0001 என்ற பெயரில் என்னிடம் நான்கு ஃபைல்கள். தனித்தனி ஃபோல்டரில் இருந்ததால் அப்போது உறைக்கவில்லை.

பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் நான்கு நாள் எடிட் ஓடியது. நேற்று லேப்டாப்பில் இடம் போதாமல் எல்லாவற்றையும் வெளி ஹார்டிஸ்க்குக்கு மாற்றினேன். அதோடு நிறுத்தாமல், ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று முதல் கேமராவின் எம்பி4 ஃபைல்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி ‘முகூர்த்தம் (1)’, ‘முகூர்த்தம் (2)’ என்று பெயர் மாற்றிவிட்டேன். ரிசப்ஷனுக்கும் அப்படியே.

இன்று புராஜெக்டைத் திறந்தால் எல்லாம் மீடியா ஆஃப்லைன், அதாவது ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது. ஒரு ஃபைலைத் தேடிக் காட்டினேன், மற்றவற்றை அதுவே இணைத்துக்கொண்டது. ஓட்டிப் பார்த்தால் தாலி கட்டும் இடத்தில் பெண்ணின் பெரியப்பா பந்தியில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கிறார். பதற்றத்தில் சேவ் வேறு பண்ணித் தொலைத்தேன். வரும் ஞாயிறு கொடுக்க வேண்டும். முதலிலிருந்து வெட்ட வேண்டியதுதானா?

வெட்டுமேசை எழுதியது:

தம்பி, முதலில் பிரீமியரை மூடுங்கள். கார்டு எதையும் ஃபார்மட் போடாதீர்கள். பையில் இருப்பது பையிலேயே இருக்கட்டும்.

சேவ் பண்ணியதற்காகப் பயப்பட வேண்டாம். புராஜெக்ட் ஃபைல் இருக்கும் இடத்திலேயே ஆட்டோ சேவ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பெயர் மாற்றுவதற்கு முந்தைய பிரதி அதில் கிடைக்கும். அதைக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு அதில் வேலை செய்யுங்கள்.

நடந்தது இதுதான். பிரீமியர் உங்கள் வீடியோவைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஃபைல் இருக்கும் பாதையையும் பெயரையும்தான் குறித்து வைக்கிறது. நீங்கள் இரண்டாவது கேமராவின் ஃபோல்டரைக் காட்டியிருப்பீர்கள். அங்கே சி0012 இருந்தது, முதல் கேமராவின் சி0012 என்று நினைத்து எடுத்துக்கொண்டது. உங்கள் இரண்டாவது கேமராமேன் தன் சி0012-ஐப் பந்தியில் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி. ஒவ்வொரு எம்பி4 கூடவும் சின்னதாக ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வந்திருக்குமே, அதை அழித்துவிட்டீர்களா?

புதுக்கேமரா எழுதியது:

இல்லை அண்ணா. குப்பை என்று நினைத்து அழிக்கத்தான் இருந்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். பழைய பெயரிலேயே இருக்கின்றன, சி0001எம்01 என்று.

வெட்டுமேசை எழுதியது:

உங்கள் சோம்பல் வாழ்க. அந்த எக்ஸ்எம்எல்லை நோட்பேடில் திறந்தால் உள்ளே க்ளிப் எடுத்த தேதி, நேரம், எத்தனை ஃப்ரேம் என்பதெல்லாம் இருக்கும். விநாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்திருந்தால் 1500 என்பது ஒரு நிமிடம். பெயர் மாறிய எம்பி4 ஃபைல்களை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டால் அதே விவரங்கள் கிடைக்கும். இரண்டையும் பொருத்திப் பாருங்கள். பொருந்தியதற்குப் பழைய பெயரையே திருப்பிக் கொடுங்கள். ஃபோல்டர் அமைப்பும் லேப்டாப்பில் இருந்த மாதிரியே இருக்கட்டும்.

வரிசைப்படி (1) என்றால் சி0001 என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். எஃப்2 அழுத்தும்போது எந்த ஃபைல் கையில் இருந்ததோ அதற்குத்தான் விண்டோஸ் 1 கொடுக்கும். கீழிருந்து மேலாகத் தேர்ந்தெடுத்திருந்தால் கணக்கு கலைந்திருக்கும்.

எந்தப் பெயர் எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் புராஜெக்ட் ஃபைலின் ஒரு பிரதியை 7-ஜிப் என்ற மென்பொருள் கொண்டு விரித்துப் பாருங்கள். அது சுருக்கி வைத்த எக்ஸ்எம்எல்தான். பழைய பாதைகள் வரி வரியாக உள்ளே இருக்கும்.

ரா_ஃபுட்டேஜ் எழுதியது:

பெயரைத் திருப்பிய பிறகு இணைக்கும்போது ஒவ்வொரு ஃபோல்டராகச் செய்யுங்கள். மற்றவற்றைத் தானாக இணைக்கும் டிக்கை எடுத்துவிட்டு இரண்டு மூன்று க்ளிப் சரிபாருங்கள், பிறகு டிக் போடலாம்.

என் கட்சி வேறு. ஃபைல் பெயரைத் தொடவே கூடாது என்பேன். கார்டில் இருந்ததை அதன் ஃபோல்டர் கூட்டோடு அப்படியே இறக்கி, வெளி ஃபோல்டருக்கு மட்டும் தேதி, நிகழ்ச்சி, கேமரா, கார்டு எண் என்று பெயர் வைப்பேன். ஏவிசிஎச்டி முறையில் பதியும் பழைய கேமராக்களில் நீளமான ஷாட் பல துண்டாக விழும். கூட்டைக் கலைத்தால் துண்டு சேரும் இடத்தில் சத்தம் ‘டொக்’ என்று வெட்டும்.

வெட்டுமேசை எழுதியது:

கல்யாணத்துக்கு அது போதாது. ஃபைல் ஒருநாள் ஃபோல்டரை விட்டு வெளியே வரத்தான் செய்யும். ஹைலைட்ஸ் வெட்டுகிறவருக்குப் பத்து க்ளிப் அனுப்புவோம், அப்போது சி0012 எந்த வீட்டு சி0012 என்று யாருக்குத் தெரியும்? கார்டின் அசல் பிரதி கை படாமல் ஒரு டிஸ்க்கில் இருக்கட்டும். எடிட் பிரதிக்கு மட்டும் முன்னொட்டு சேர்க்கலாம்: 20250130_முகூர்த்தம்_கே1_சி0012. கேமரா கொடுத்த எண் கடைசியில் அப்படியே நிற்க வேண்டும், அதுதான் அசலுக்குப் போகும் வழி. வருடம் முதலில் வந்தால் வரிசை தானாக அமையும். எக்ஸ்எம்எல்லுக்கும் அதே முன்னொட்டு. இதெல்லாம் பிரீமியருக்குள் கொண்டுபோவதற்கு முன்னால். உள்ளே போன பிறகு பெயர் மாற்ற ஆசை வந்தால் பிரீமியருக்குள் க்ளிப்பின் பெயரை மாற்றுங்கள், டிஸ்க்கில் வேண்டாம்.

கேமரா மெனுவில் ஃபைல் எண்ணை ‘ரீசெட்’டிலிருந்து ‘சீரிஸ்’ ஆக்குங்கள். ஃபார்மட் போட்டாலும் எண் தொடரும்.

நாஸ்காரி எழுதியது:

வெட்டுமேசை தமிழில் சொல்லிக் காட்டினாலும் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்ப் பற்றில்லாமல் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் டிஸ்க்குகள் பிரித்து எழுதும், விண்டோஸில் தட்டுவது சேர்ந்தே இருக்கும். பார்வைக்கு ஒன்றே, மென்பொருளுக்கு வேறு வேறு பெயர். மேலும் லினக்ஸ் சேமிப்பில் பெயருக்கு 255 பைட் வரம்பு. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்பதால் 85 குறியிலேயே முடிந்துவிடும்.

புதுக்கேமரா எழுதியது:

பாதி முடிந்தது! ரிசப்ஷன் சரியாக உட்கார்ந்துவிட்டது. முகூர்த்தத்தில் ஒரு குழப்பம். எக்ஸ்எம்எல் விடியற்காலை 4:45 என்கிறது, மீடியாஇன்ஃபோ முந்தைய நாள் இரவு 11:15 என்கிறது. கேமரா கடிகாரம் தப்பா? அப்புறம் எக்ஸ்எம்எல் 119 இருக்கிறது, எம்பி4 118தான். சி0064 எங்கே என்று தெரியவில்லை.

வெட்டுமேசை எழுதியது:

கடிகாரம் சரிதான். எம்பி4 உள்ளே எழுதும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பிரம்ம முகூர்த்தக் கல்யாணம் எல்லாம் இதில் முந்தைய நாளாகத்தான் தெரியும். இந்தத் தேதியை நம்பி ஃபைலுக்குப் பெயர் வைத்தவர்கள் பலர் மாட்டியிருக்கிறார்கள்.

சி0064 மாற்றும்போது விட்டுப்போயிருக்கும். முகூர்த்தக் கார்டு இன்னும் ஃபார்மட் ஆகவில்லையே?

நாஸ்காரி எழுதியது:

இதனால்தான் ‘கட், பேஸ்ட்’ வேண்டாம் என்பது. காப்பி செய்து, டெராகாப்பி போன்ற காப்பி மென்பொருள் ஒன்றில் சரிபார்த்து, எண்ணிக்கை பொருந்திய பிறகு பழையதை அழிக்கலாம். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்ந்து ஆறு மணி நேரம் ஓடியிருந்தால் 270 ஜிபி. அதற்கு இரண்டு டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில். எனக்கு மூன்று வருடம் கழித்து ஒரு போன் வந்தது. தாத்தா தவறிவிட்டார், அவர் ஆசீர்வாதம் செய்த காட்சி முழுதாக வேண்டும் என்றார்கள். கொடுத்த வீடியோவில் அது நான்கு விநாடிதான் இருந்தது.

புதுக்கேமரா எழுதியது:

கார்டு பையிலேயே இருந்தது. சி0064 அதில் இருந்தது. அட்சதை போடும் ஷாட் அது! இணைத்துவிட்டேன், தாலி தாலியாகவே ஓடுகிறது. கேமராவையும் ‘சீரிஸ்’ ஆக்கிவிட்டேன். பந்தி க்ளிப்பை மட்டும் பெரியப்பாவுக்குத் தனியாக அனுப்பலாம் என்று இருக்கிறேன்.