புதுப்பிப்பு: நார்தர்ன் சோல் 45-களில் அசலும் பூட்லெக்கும்

நார்தர்ன் சோல் என்பது வட இங்கிலாந்து நடன அரங்குகளில் பழைய அமெரிக்க சோல் பாட்டுகளுக்கு ஆடும் வழக்கம். 45 என்பது நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறு இசைத்தட்டு, பூட்லெக் என்பது அதன் கள்ளப் பதிப்பு. முந்தைய இழையில், லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்றுப் பகுதியில் கீறிய பதிப்பு எண் சரியாக இருந்தால் தட்டு அசல் என்று எழுதியிருந்தேன். அது போதாது, திருத்திக்கொள்ளுங்கள். எண்ணைக் கள்ளத்தட்டுக்காரர்களும் கீறினார்கள். எண்ணோடு, தட்டை அடித்த ஆலையின் அடையாளத்தையும் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலையில் அடித்ததென்றால் ஒரு சிறு முக்கோணமும் அதை ஒட்டி எண்ணும் கையால் கீறியிருக்கும். மறுபக்கத்தில் அதே எண்ணோடு '-எக்ஸ்' சேரும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும்.

அடுத்து, தட்டின் பொருள். 45-கள் ஸ்டைரீன், வினைல் என்ற இரு வகை பிளாஸ்டிக்கில் வந்தன. நகத்தால் விளிம்பைத் தட்டினால் ஸ்டைரீன் கணீரென ஒலிக்கும், வினைல் மந்தமாக. அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்த பாட்டு வினைலில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பளபளவென்ற தட்டில் பழைய கீறல் சத்தம் கேட்டால், வேறொரு தட்டிலிருந்து பதிந்தது, அவ்வளவுதான்.

ஸ்டைரீனில் பாட்டு தொடங்கும் இடத்தைப் பிடிக்க, ஊசியை வைத்தபடி தட்டை முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். தொடக்கப் பள்ளம் தேய்ந்து இரைச்சல் நிரந்தரமாகிவிடும். கூம்பு முனை ஊசி போதும். துடைக்க ஆல்கஹால் வேண்டாம்.

லேபிளில் வேறு பெயர் ஒட்டியிருந்தால் அது மோசடி என்றில்லை. போட்டி டிஜேக்கள் கண்டுபிடிக்காதபடி மறைக்கும் வழக்கம் அது. வட இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் அரங்கான விகன் கசினோவில் பாடகர் ஃபிராங்க் வில்சனின் 1965 தட்டு 'எடி ஃபாஸ்டர்' பெயரில்தான் ஓடியது. 2009-இல் அதன் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது.

இந்தப் பாட்டுகளுக்கு ஆடப் போனால், தோல் அடி வைத்த ஷூ நல்லது. வழுக்கி ஆடத் தரையில் தூவும் டால்கம் பவுடரைப் பல அரங்குகள் அனுமதிப்பதில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.