மூக்கு, மங்கு, பருக்குழி: சியோலில் பத்தே நாளில் மூன்றும் முடியுமா?

கண்ணாடிக்காரி:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக மனதில் இருக்கிற விஷயம், இப்போதுதான் காசும் லீவும் ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்கிறது. எனக்கு மூக்குத் தண்டில் ஒரு மேடு உண்டு, பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் முதலில் அதுதான் தெரியும். அதைக் குறைக்க வேண்டும். அதோடு இரண்டு கன்னத்திலும் மங்கு, போதாக்குறைக்குப் பழைய பருக்குழிகள். சியோல் போனால் மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று இன்ஸ்டாவில் பழக்கமான ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பத்து நாள் பேக்கேஜ். வந்து இறங்கியதும் ஆலோசனை, மறுநாள் மூக்கு, தையல் பிரிக்கிற வரை சும்மாதானே இருப்பீர்கள் என்று இடையில் லேசரும் ரெஜுரான் என்ற தோல் ஊசியும், கடைசி நாள் ஷாப்பிங். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளினிக் பெயரைக் கேட்டால் "கங்னம்ல டாப் கிளினிக் மேடம், அட்வான்ஸ் போட்டதும் சொல்றேன்" என்கிறார் (கங்னம் சியோலில் ஒரு பகுதி).

இப்படிப் பெயரைச் சொல்லாமல் பணம் கேட்பது அங்கே வழக்கமா? மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதலான என் நிறத்துக்கு அங்கே இருக்கிற லேசர் எல்லாம் சரிப்படுமா? விசா எது? வரியைத் திருப்பித் தருவார்கள் என்கிறாரே, அது உண்மையா?

"இருக்கிற மூக்கே அழகுதான்" என்று சொல்ல வருகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி, அதை அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சியோல்வாசி:

தோழி, இங்கே வேலை பார்க்கிறேன், ஊரிலிருந்து வந்த இரண்டு மூன்று பேருக்குத் துணையாக இந்தக் கிளினிக்குகளுக்குப் போய் வந்திருக்கிறேன். முதலில் அந்த ஏஜெண்டைக் கழற்றிவிடுங்கள். வெளிநாட்டு நோயாளியைக் கூட்டி வருகிற தொழிலுக்குக் கொரியாவில் தனிச் சட்டமே இருக்கிறது, 2016லிருந்து நடைமுறையில் உள்ளது. அதன்படி கிளினிக்கும் பதிவு செய்திருக்க வேண்டும், ஆள் பிடித்துத் தருகிறவரும் பதிவு செய்திருக்க வேண்டும். ஏஜெண்ட் வாங்குகிற கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு, சிறிய கிளினிக் என்றால் சிகிச்சைக் கட்டணத்தில் 30 சதவீதம் வரை. அதாவது முழுக்கச் சட்டப்படி நடக்கிற ஏஜெண்டுக்கே நீங்கள் கொடுக்கிற பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போகலாம். பதிவில்லாத ஆள் எவ்வளவு எடுப்பார் என்பதற்கு வரம்பே கிடையாது. 'மெடிக்கல் கொரியா' என்ற அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற இடங்களைத் தேடலாம். பெயரே சொல்லாத கிளினிக்கை எதில் தேடுவீர்கள்?

பதிவு இருந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். பதிவுக்கு அந்தத் துறையில் ஒரு சிறப்பு மருத்துவராவது அங்கே இருக்க வேண்டும், மருத்துவத் தவறுக்கு ஈடு தரும் காப்பீடும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மூக்கைத் தொடப்போவது அதே ஆள்தானா என்பது வேறு கேள்வி. இங்கே மருத்துவ உரிமம் உள்ள எந்த டாக்டரும் அழகு அறுவை சிகிச்சை செய்யச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் பெயர்ப்பலகை காட்டிக்கொடுத்துவிடும். பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம் வாங்கியவர் நடத்தும் இடம் என்றால் அந்தத் துறையின் பெயர் கிளினிக் பெயரோடு ஒட்டியே வரும். பொது மருத்துவர் என்றால் வெறும் 'கிளினிக்' என்று மட்டும் பெரிதாக எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'சிகிச்சைத் துறை: பிளாஸ்டிக் சர்ஜரி' என்றுதான் போட முடியும், அந்த எழுத்தின் அளவுக்குக்கூட விதி இருக்கிறது. தோல் கிளினிக்குக்கும் இதே கதைதான். கங்னமில் சின்சா, அப்குஜோங் பக்கம் நடந்துபோகும்போது போனில் பபாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து பலகைகளைப் படம் பிடித்துப் பாருங்கள், 'சின்ன எழுத்து' பலகைகள் எத்தனை என்று தெரியும்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் மருத்துவத்துக்கான குறுகிய கால விசா சி-3-3, 90 நாள் வரை. அதற்கு அழைப்புக் கடிதம் பதிவு பெற்ற கிளினிக்கோ ஏஜென்சியோதான் தர முடியும். உங்கள் ஆள் "டூரிஸ்ட் விசாவே போதும்" என்று சொல்லியிருந்தால் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று இப்போது புரியும்.

வரி விஷயம்: அழகு சிகிச்சைக்கு இங்கே 10 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. வெளிநாட்டவருக்கு அதைத் திருப்பித் தருகிற சலுகை 2016 ஏப்ரலில் வந்தது, 2025 டிசம்பர் 31 வரை என்று கெடு போட்டிருந்தார்கள். அதை இன்னும் ஒரு ஏஜெண்ட் சொல்லி விற்கிறார் என்றால், எந்தச் சட்டப்படி தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விலை கேட்கும்போதும் வாட் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க மறக்காதீர்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருகிற வோன் கணக்கு பெரும்பாலும் சேர்க்காத விலைதான்.

தோல்_டாக்டர்:

நான் தோல் மருத்துவர். மூக்கைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, மற்ற இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

மங்குக்காகக் கொரியா போகாதீர்கள். கொரியாவில் மருத்துவம் மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை, லேசர் கருவிகளில் அவர்களுக்கு இருக்கிற அனுபவம் பெரியது. மங்கு ஒரு முறை போய்ச் 'சரி செய்து' வருகிற வியாதி இல்லை, அதுதான் பிரச்சினை. வெயில், ஹார்மோன், பரம்பரை எல்லாம் சேர்ந்து வருவது, அடக்கி வைக்கலாம், அடியோடு எடுக்க முடியாது. சன்ஸ்கிரீன், பூசும் மருந்து, தேவைப்பட்டால் டிரனெக்சாமிக் ஆசிட் மாத்திரை என்று மாதக்கணக்கில் ஒரே டாக்டர் பார்த்து, அளவைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுபோக வேண்டியது. இதற்கு 'லேசர் டோனிங்' என்று பேக்கேஜில் போட்டிருப்பார்கள். 1064 நானோமீட்டர் லேசரைக் குறைந்த சக்தியில் முகம் முழுக்க ஓட்டுவது, வாராவாரம் பல முறை செய்தால்தான் கொஞ்சம் வெளுக்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும். அளவுக்கு மீறிச் செய்தால் தூவிவிட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள் விழும், அவை மங்கைவிட எரிச்சலூட்டும். பத்து நாளில் ஒன்றோ இரண்டோ முறை செய்வதால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? பில் கிடைக்கும்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள், நல்ல கேள்வி. நம் தோலில் மெலனின் அதிகம், சூடு கொஞ்சம் கூடினாலும் ஆறின இடம் கறுத்துப் போகும். 1064 நானோமீட்டர் லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பு. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர், ஐபிஎல் என்ற தீவிர ஒளிச் சிகிச்சை இரண்டும் நம் நிறத்தில் ஆபத்து. அவர்களுடைய வழக்கமான செட்டிங் அவர்களுடைய நோயாளிகளுக்குப் பழகியது. உங்கள் நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், காதோரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரம் காத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். பத்து நாள் பயணத்தில் அதற்கு எங்கே இடம்?

பருக்குழிக்கும் இதே நிலைதான். குழியின் அடிநார்களை ஊசியால் அறுத்துவிடுவது, தோலில் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சும் பிராக்ஷனல் லேசர், நுண் ஊசிகள் வழியே சூடு கொடுக்கும் மைக்ரோநீடில் ஆர்எஃப் எல்லாமே மாத இடைவெளி விட்டுப் பல முறை செய்ய வேண்டியவை. ரெஜுரான் என்பது சால்மன் வகை மீனிலிருந்து எடுக்கிற பாலிநியூக்ளியோடைடு (டிஎன்ஏ துண்டுகள்), தோலின் தரத்துக்குப் போடுவது, மங்கைப் போக்காது. போட்ட இடமெல்லாம் கொசு கடித்ததுபோல ஒரு நாள், இரண்டு நாள் தடித்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, எலும்பை உடைத்துச் சரிசெய்த மூக்கோடு, கண்ணுக்குக் கீழே ரத்தம் கட்டி வீங்கியிருக்கிற கன்னத்தில், அதே வாரத்தில் லேசர் அடிக்கலாம் என்று திட்டம் போட்டவர் யார்? எந்த டாக்டரும் இதை எழுதியிருக்க மாட்டார்.

வடபழனி வேலு:

டாக்டர் சொன்னதுதான் சரி. நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன், மூக்குக்கும் போக வேண்டாம். ஏதாவது கோளாறு ஆனால் திரும்பத் திரும்ப டிக்கெட் போட்டுப் போவீர்களா? சண்டை போடவாவது பக்கத்தில் ஆள் வேண்டாமா?

பனிக்கரடி:

வேலு அண்ணா, ஒரேயடியாக அப்படிச் சொல்ல முடியாது. நான் சியோலில்தான் மூக்கு செய்துகொண்டேன், எனக்குத் திருப்தி. ஆனால் போவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது நிறைய இருக்கிறது, நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

அங்கே மூக்கு அறுவை சிகிச்சை என்றாலே பெரும்பாலும் உயர்த்துவதுதான், சிலிக்கோன் வைப்பது, காது குருத்தெலும்பால் நுனியைத் தூக்குவது. உங்களுக்கு வேண்டியது குறைப்பது. அதையும் செய்கிறார்கள், ஆனால் 'முன் பின்' படங்களில் மேடு குறைத்த மூக்கை மட்டும் காட்டச் சொல்லுங்கள், உங்களுக்கு நுனித் தோல் தடிப்பு என்றால் அப்படி உள்ளவர்களுடையதை. எனக்கு அதைக் காட்டத் தயங்கிய இடங்களை நான் விட்டுவிட்டேன்.

ஆலோசனை எப்படி நடக்கும் என்றால், முதலில் 'சில்ஜாங்' என்று ஒரு அம்மா வருவார், ஆலோசனை மேலாளர். அவர்தான் விலை பேசுகிறவர். நான் போன ஒரு இடத்தில் டாக்டர் வந்து சில நிமிஷம் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார், அதற்குப் பிறகு சில்ஜாங் ஒரு அச்சடித்த தாளை எடுத்துவைத்து, மூக்குக்கு ஒரு டிக், மூக்குச் சிறகுக்கு ஒரு டிக், நெற்றிக்குக் கொழுப்பு ஏற்ற ஒரு டிக், தாடைக்கு ஃபில்லர் ஒரு டிக் என்று போட்டுக்கொண்டே போனார். நான் கேட்டது மூக்கு மட்டும். கடைசியில் மொத்தத்தை அடித்துவிட்டு, இன்றே முன்பணம் கட்டினால் இந்த விலை என்று வேறொரு எண்ணை எழுதினார். எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காகாவோ என்ற கொரிய மெசேஜ் செயலியில் இன்னும் குறைத்து மெசேஜ் வந்தது, அது வேறு விஷயம். நான் கடைசியில் செய்துகொண்ட இடத்தில் டாக்டரே உட்கார்ந்து பேசினார், நெற்றி நன்றாகத்தான் இருக்கிறது, விடுங்கள் என்றார்.

அடுத்தது, யார் அறுக்கிறார் என்பது. பேசுவது ஒருவர், மயங்கின பிறகு கத்தி பிடிப்பது இன்னொருவர் என்கிற 'பேய் அறுவை சிகிச்சை' அங்கே பெரிய பிரச்சினையாக வெடித்தது. 2016ல் தாடை அறுவை சிகிச்சைக்குப் போன ஒரு மாணவர் ரத்தப்போக்கில் இறந்துபோனார், அவருடைய அம்மா அறுவை அறையின் கேமராப் பதிவைப் பார்த்து வருஷக்கணக்கில் போராடினார். அதற்குப் பிறகுதான், நோயாளி நினைவில்லாமல் இருக்கும் அறுவைகளுக்கு அறையில் சிசிடிவி கட்டாயம் என்று 2023 செப்டம்பர் 25 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. ஆனால் தானாகப் பதிவாகாது, நீங்கள் கேட்டால்தான். அறுவைக்கு முன்பே படிவத்தில் எழுதிக் கொடுங்கள். பதிவைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்றுதான் விதி, நாமோ அதற்குள் ஊர் திரும்பிவிடுவோம், ஆகவே சந்தேகம் வந்தால் உடனே அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அறுவை செய்கிற டாக்டரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், மயக்க மருந்து நிபுணர் அறையில் கடைசி வரை இருப்பாரா என்று கேளுங்கள். புரோபோஃபால் கொடுத்துத் தூங்க வைப்பதை லேசாகப் பேசுவார்கள், லேசான விஷயம் இல்லை.

வேலு அண்ணன் கேட்ட சண்டை விஷயம்: மருத்துவத் தகராறுக்கு அங்கே ஒரு அரசு சமரச அமைப்பு இருக்கிறது, 2012லிருந்து, வெளிநாட்டவரும் மனு போடலாம். ஆனால் உயிரிழப்பு, பெரிய ஊனம் போன்றவை தவிர மற்ற வழக்குகளில் கிளினிக் சம்மதித்தால்தான் விசாரணையே தொடங்கும். "மூக்கு கோணலாக இருக்கிறது" என்பதற்கு எந்தக் கிளினிக் சம்மதிக்கும்? ஆகவே அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மறு அறுவை தேவைப்பட்டால் யார் செலவு, எத்தனை மாதத்துக்குள் என்பதை முன்பணத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். கிளம்பும்போது அறுவைக் குறிப்பின் நகல் வாங்குங்கள், என்ன வைத்தார்கள், என்ன எடுத்தார்கள் என்பது ஊரில் பார்க்கிற டாக்டருக்குத் தேவைப்படும்.

நாள் கணக்கு: கட்டும் தையலும் ஒரு வாரத்தில் எடுப்பார்கள், அதற்கு அப்புறமும் இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ரத்தம் வந்தாலோ சீழ் பிடித்தாலோ அங்கேயே காட்டலாம். பத்து நாள் என்பது மூக்குக்கு மட்டுமே இழுபறி. முழு வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும், முதல் மாதக் கண்ணாடியை நம்பாதீர்கள்.

கண்ணாடிக்காரி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஏஜெண்டிடம் கிளினிக் பதிவைக் கேட்டேன், "நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க மேடம்" என்று பதில் வந்தது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். லேசரை விட்டுவிட்டேன், மூக்குக்கு மட்டும் நேரடியாகக் கிளினிக்குகளுக்கே எழுதப்போகிறேன்.

இரண்டு சந்தேகம். என் பெயரைப் பார்த்தால் தெரியும், கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிரில் இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. அறுவைக்குப் பிறகு கண்ணாடி போடலாமா? அப்புறம், திரும்பி வரும்போது பாஸ்போர்ட் போட்டோவும் முகமும் வேறாக இருக்கும் என்று நிறுத்துவார்களா?

பனிக்கரடி:

எலும்பை உடைத்திருந்தால் சில வாரங்களுக்கு மூக்குத் தண்டில் கண்ணாடி உட்காரக் கூடாது அக்கா, அழுந்தினால் இடம் நகர்ந்துவிடும். எத்தனை வாரம் என்று டாக்டர் சொல்வார். கான்டாக்ட் லென்ஸ் பழகிக்கொண்டு போங்கள், ஆனால் முதல் சில நாள் கண்ணே வீங்கியிருக்கும், லென்ஸ் போட முடியாது, ஆகவே துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. கண்ணாடியை நெற்றியில் டேப் போட்டுத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு, பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

சியோல்வாசி:

பாஸ்போர்ட்டுக்கு: அறுவை செய்ததற்குச் சான்றிதழ் கேட்டால் கிளினிக் தரும், ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர் எழுத்துகளோடு வாங்கிக்கொள்ளுங்கள். மேடு குறைத்ததற்கெல்லாம் யாரும் நிறுத்த மாட்டார்கள், வீக்கமும் கட்டுமாக இருந்தால்தான் கேள்வி வரும். வழி கேட்க, மொழிபெயர்ப்புக்கு 1330 சுற்றுலா உதவி எண் இருக்கிறது, ராத்திரியிலும் எடுப்பார்கள். அவசரம் என்றால் 119. கூகுள் மேப்பை நம்பி நடக்காதீர்கள், இங்கே நடைவழியைச் சரியாகக் காட்டாமல் போகலாம், கொரியாவின் நேவர் மேப்பை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.