மேக்னடோடாக்சிஸ்: காந்தநாட்டமா, காந்தவாக்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேக்னடோடாக்சிஸ் (சில பாக்டீரியாக்கள் காந்தப்புலத்தின் வழியே நகர்வது), மேக்னடோரிசெப்ஷன் (உயிர்கள் காந்தப்புலத்தை உணர்வது) இரண்டுக்கும் ‘காந்தப்புலன்’ என்ற ஒரே சொல் போதும் என்று நேற்றைய மடலில் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. ‘காந்தப்புலம்’ பாடநூல்களில் ஊன்றிவிட்டது. நலம், நலன் போலப் புலமும் புலனும் போலி, அதாவது எழுத்து மாறினாலும் பொருள் மாறாதவை. “வௌவால் காந்தப்புலனால் காந்தப்புலத்தை அறிகிறது” என்று எழுதிப் பாருங்கள். பிழைதிருத்துபவர் இரண்டில் ஒன்றை மாற்றாமல் விடமாட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் பொருளில். பெரும்பழுப்பு வௌவாலை (எப்டெசிக்கஸ் ஃபஸ்கஸ்) எடுத்துக்கொள்வோம். எதிரொலி அதற்குப் பூச்சி பிடிக்க உதவும், தொலைதூர வழிக்கு உதவாது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இருப்பிடத்துக்கு 20 கி.மீ. வடக்கே சில வௌவால்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அந்திநேரத்தில் 90 பாகை திருப்பிய காந்தப்புலத்தில் வைத்திருந்தவை மட்டும் தெற்கே வராமல் கிழக்கிலும் மேற்கிலும் போயின. அந்தியை வைத்துத் திசையைச் சரிபார்க்கப்போய் ஏமாந்திருக்கின்றன. ஏமாறுகிறது என்றால் ஏதோ அறிகிறது என்றுதானே பொருள்? அதற்குக் ‘காந்தமறிதல்’ சரியாக இருக்கும்.

நன்னீர்ச் சேற்றில் வாழும் மேக்னடோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவின் கதை வேறு. அதன் உடலுக்குள் ஏறக்குறைய 40 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்புக் கனிமம்) படிகங்கள் மணி கோத்தாற்போல் வரிசையாக நிற்கின்றன. (இந்த மணிகளின் பெயரான மேக்னடோசோமுக்குக் ‘காந்தமணி’ என்று வைத்துவிடலாமே!) அந்தக் கோவை காந்தமுள்போல உடலையே திருப்பிவிடுகிறது. செத்த செல்லும் அப்படித்தான் திரும்பி நிற்கும். இதில் அறிவதற்கு என்ன இருக்கிறது? மேக்னடோடாக்சிஸுக்குக் ‘காந்தநாட்டம்’ என்பதும் அதனால்தான் இடிக்கிறது. செத்ததற்கு ஏது நாட்டம்?

என் பரிந்துரை ‘காந்தவாக்கு’. காற்றுவாக்கில் சருகு போகிறது, தச்சர் பலகையை நீளவாக்கில் அறுக்கிறார் என்கிறோமே, அந்த வாக்கு. தேர்தல் நினைவு வரும் என்று யாராவது சொல்வீர்கள். குறுக்குவாக்கு என்றதும் யாரும் ஓட்டுச்சாவடியைத் தேடுவதில்லையே.

அப்புறம், நாட்டத்தை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. இந்த பாக்டீரியா உண்மையில் தேடுவது ஆக்சிஜன் குறைந்த அடுக்கை. வடகோளத்தில் காந்தக்கோடுகள் கீழ்நோக்கிச் சாய்வதால் வடக்கே நீந்தினால் சேற்றுக்குள் இறங்கிவிடலாம், தென்கோளத்தில் தெற்கே. மேலும் கீழுமாக அலையும் வேலை மிச்சம். ஆக, போவது காந்தவாக்கில், தேடுவது வளியளவை. மேக்னடோ ஏரோடாக்சிஸ் என்று இப்போது சொல்லப்படுவதற்குக் ‘காந்தவாக்கு வளிநாட்டம்’ பொருந்துமா? வளியா, உயிர்வளியா (ஆக்சிஜன்) என்பதில் மட்டும் எனக்கு இழுபறி. உங்கள் கருத்தை எழுதுங்கள்.