புதுப்பிப்பு: பிக்கப் டிரக்குக்குக் குளிர்கால டயர்

பனிக்காலத்துக்கு என் பிக்கப் டிரக்கில் ஏற்கெனவே உள்ள சேற்று டயர்களே போதுமா, தனியாகக் குளிர்கால டயர் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. குளிர்கால டயர்களையே பொருத்திவிட்டேன், நான்கு சக்கரங்களுக்கும்.

முடிவைத் தீர்மானித்தது ரப்பர்தான். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயர் மென்மை குறையாமல் இருக்கிறது. சேற்று டயரின் மேற்பரப்பிலுள்ள பெரிய ரப்பர் கட்டைகள் ஆழமான பனியைக் கிளறிவிடும். வழவழப்பான பனிக்கட்டியிலோ அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. புது டயரின் ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல் நெளிநெளியான மெல்லிய வெட்டுகள். பனிக்கட்டியைப் பற்றும் விளிம்புகள் அவைதான்.

டயரின் பக்கவாட்டில் ‘எம் பிளஸ் எஸ்’ (M+S, ‘சேறும் பனியும்’ என்பதன் சுருக்கம்) என்றிருந்தால் போதும் என்றார் ஒருவர். மன்னிக்கவும், ஏற்க முடியவில்லை. அது டிரெட் வடிவத்தை, அதாவது தரையில் படும் ரப்பரின் கட்டை-பள்ள அமைப்பை மட்டுமே குறிப்பது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறிதான் சோதனையில் தேறியதற்கு அடையாளம். அதுவும் பொழிந்த பனிக்கான சோதனை, பனிக்கட்டிக்கானது அல்ல. உறைந்த சாலையிலேயே தினமும் போகிறவர்கள், சட்டம் அனுமதித்தால், ஆணி பதித்த டயரைப் பரிசீலிக்கலாம்.

நால்சக்கர இயக்கம் இருக்கிறதே என்றவர்களுக்கு: அது வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது.

பின்பெட்டி காலியாக இருந்தால் பின்சக்கரங்கள் இன்னமும் சற்று வழுக்குகின்றன. பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளைக் கட்டிவைத்திருக்கிறேன். காற்றழுத்தத்தையும் குளிர் கூடும்போதெல்லாம் பார்த்துவிடுங்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் சுமார் 2 பிஎஸ்ஐ குறைந்துவிடுகிறது.